65 நிமிடத்துக்கு ஒருமுறை நிற்கும் வாட்ச்

பழைய ஹெச்.எம்.டி. ஜனதா வாட்ச் ஒன்று பகல் 12 மணிக்கு நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாவி முழுசாகக் கொடுத்தாயிற்று. லேசாகத் தட்டினால் ஓடுகிறது. அப்பாடா என்று கையில் கட்டிக்கொண்டால், 1 மணி 5 நிமிடத்துக்கு மறுபடி நிற்கிறது. தட்டினால் ஓட்டம், 2.11க்கு நிறுத்தம். அதற்கடுத்து 3.16. இந்த நேரங்களை மட்டும் எழுதிக்கொண்டு போய் வாட்ச் பார்க்கிற கடையில் சொல்லுங்கள். அனுபவசாலியாக இருந்தால் பின்மூடியைக் கழற்றாமலே சொல்லிவிடுவார்: “மிஷின் நல்லாத்தான் இருக்கு சார். முள்ளு உரசுது.”

இதில் ஜோசியம் ஏதும் இல்லை, பள்ளிக்கூடக் கணக்குதான். நிமிட முள்ளும் மணி முள்ளும் 12 மணி நேரத்தில் 11 முறை ஒன்றன்மேல் ஒன்று வருகின்றன. 12 மணி நேரத்தை 11 பங்காக்கினால் ஒரு பங்கு 65 நிமிடம் 27 வினாடி. ஆக, 12 மணிக்குப் பிறகு அடுத்த சந்திப்பு 1.05க்கு, அப்புறம் 2.11க்குச் சற்று முன்னால், அப்புறம் 3.16. வாட்ச் நின்ற நேரங்கள் இந்தப் பட்டியலோடு பொருந்திப்போனால், இரண்டு முள்ளில் ஒன்று வளைந்து மற்றதன் பாதையில் நிற்கிறது என்று அர்த்தம். எப்போதும் டயலின் ஒரே இடத்தில் நிற்கிறதென்றால், அந்த இடத்தில் ஒட்டியிருக்கும் மணி இலக்கத்தையோ டயலையோ ஒரு முள் தொடுகிறது. நேரம் கண்டபடி மாறினாலும், நிற்கும்போதெல்லாம் வினாடி முள் நிமிட முள்ளின் மேல்தான் இருக்கிறதென்றால், அவை இரண்டுக்கும் இடையே தகராறு.

வினாடி முள்ளையும் கணக்கில் சேர்த்தால் விஷயம் இன்னும் சூடு பிடிக்கிறது. அது ஒரு மணி நேரத்தில் 60 சுற்று சுற்றுகிறது. அதற்குள் நிமிட முள்ளும் ஒரு சுற்று முன்னேறிவிடுவதால் சந்திப்பு 59. ஒரு நாளைக்கு 1,416. மணி முள்ளை அது கடப்பது நாளொன்றுக்கு 1,438 முறை. பெரிய முள் சின்ன முள்ளைத் தாண்டும் 22 முறையையும் கூட்டினால், ஒரே நாளில் 2,876 சந்திப்புகள். முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே இருப்பதோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினால் இறுக்கமாக நிற்கும். இத்தனை சந்திப்பிலும் ஒருமுறைகூட மேனி படக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

விலை மலிந்த வாட்ச்சில் இப்படியொரு நுட்பமா என்று தோன்றலாம். ஜனதா உண்மையிலேயே ஏழை எளியவர்களின் வாட்ச்தான். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது ஹெச்.எம்.டி. 17 கல் பதித்து, கையால் சாவி கொடுக்கும் ஜனதா அதன் புகழ்பெற்ற மாடல்களில் ஒன்று. அந்த வாட்ச் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆனால் வாட்ச்கள் இன்னும் அலமாரிகளிலும் மணிக்கட்டுகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழுதானால் பார்த்துக் கொடுக்க ஆளும் இருக்கிறார்கள்.

பொதுவாக எல்லா வாட்ச்சிலும் முள் எப்படி நிற்கிறது என்று பார்த்தால் முதல் ஆச்சரியம் அங்கேயே காத்திருக்கிறது. ஸ்க்ரூ கிடையாது, பசை கிடையாது, பற்றவைப்பும் கிடையாது. டயலின் நடு ஓட்டையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அச்சுகள் எட்டிப் பார்க்கும். வெளிக்குழாயில் மணி முள். அதற்குள்ளிருந்து சற்று உயர்ந்து நிற்கும் குழாயில் நிமிட முள். அந்தக் குழாய்க்கும் உள்ளிருந்து ஊசி போல் வருவது வினாடி முள்ளின் அச்சு. நடுவில் இருப்பது 720 சுற்று சுற்றும்போது அடுத்தது 12 சுற்று, வெளியே இருப்பது ஒரே ஒரு சுற்று. மூன்றும் ஒரே மையத்தில் சுழன்றாலும் ஒன்றின் வேகம் இன்னொன்றுக்குத் தொற்றுவதில்லை. ஒவ்வொரு முள்ளின் ஓட்டையும் அதன் அச்சைவிட ஒரு மயிரிழை சின்னதாக இருக்கும். அழுத்திப் பொருத்தினால் பித்தளை இம்மியளவு விரிந்து, பிறகு சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருக்கத்தின் பிடிப்பில்தான் முள் வருஷக்கணக்காக நிற்கிறது.

அளவுகளைக் கேட்டால் தலை சுற்றும். சீகோ 5 வரிசையில் லட்சக்கணக்கான கைகளில் ஓடும் 7எஸ்26 மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள். மணி முள்ளின் ஓட்டை 1.5 மி.மீ., நிமிட முள்ளுக்கு 0.9 மி.மீ., வினாடி முள்ளுக்கு 0.2 மி.மீ. சுவிஸ் ஈ.டி.ஏ. 2824 மிஷினில் முதல் இரண்டும் இதே அளவுதான். வினாடி முள்ளுக்கு மட்டும் 0.25 மி.மீ. வித்தியாசம் 0.05 மி.மீ., ஒரு தலைமுடியின் தடிமன்கூட இராது. ஆனாலும் ஈ.டி.ஏ.வின் வினாடி முள்ளைச் சீகோவில் மாட்டினால் தொளதொளவென்று ஆடி, முதல் குலுக்கலிலேயே கண்ணாடிக்கடியில் கழன்று கிடக்கும். கடையில் “இந்த முள்ளு இதுக்குச் சேராது” என்று சொன்னால் நம்பலாம். புது முள் விற்பதற்காகச் சொல்வதில்லை.

நேரம் திருத்துவதற்காகச் சாவியை வெளியே இழுத்துத் திருகுகிறோமே, அங்கேயும் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. நிமிட முள் பற்சக்கரத் தொடரோடு இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தால், முள்ளைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் அத்தனை சக்கரங்களும் திருகுப்பட்டுப் பல் உடைந்துபோகும். அதனால் நிமிட முள்ளைத் தாங்கும் குழாய், தன் அச்சின் மேல் கவ்விக்கொண்டு மட்டுமே நிற்கும். பீரங்கிக் குழாய் போன்ற வடிவத்தால் இதற்கு கேனன் பினியன் என்று பெயர். மிஷின் தள்ளும் மெல்லிய விசைக்கு அந்தக் கவ்வல் போதும், சேர்ந்தே சுற்றும். நம் விரல் கொடுக்கும் பலத்துக்கு அது வழுக்கிக்கொடுக்கும். கிளட்ச் என்ற சாமான் இவ்வளவு சின்னதாகவும் இருக்க முடியும். இந்தப் பிடி தளர்ந்த வாட்ச்சில் உரசல் ஏற்பட்டால் வாட்ச் நிற்கவே நிற்காது. டிக் டிக் சத்தம் கேட்டபடி இருக்கும், நிமிட முள் மட்டும் வழுக்கி வழுக்கிப் பின்தங்கும். “ஓடுது, ஆனா லேட்டாகுது” என்று வரும் வாட்ச்களில் இதுவும் ஒரு வகை.

முள் லேசாகத் தொட்டதற்கே ஒரு மிஷின் நின்றுபோக வேண்டுமா? விசை எங்கே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் இது புரியும். மெயின் ஸ்பிரிங் சுருண்டு கிடக்கும் டப்பா ஒரு சுற்று சுற்ற ஏறத்தாழ 7 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. வினாடி முள்ளைத் தாங்கும் சக்கரமோ நிமிடத்துக்கு ஒரு சுற்று, அதாவது 420 மடங்கு வேகம். பற்சக்கரத்தின் பேரம் எப்போதும் கறாரானது. வேகம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, திருப்பும் விசை அத்தனை மடங்கு குறையும். ஸ்பிரிங்கின் திருப்பு விசையில் 420இல் ஒரு பங்குகூட வினாடி முள்ளின் அச்சுக்கு முழுசாக வந்து சேர்வதில்லை, வழியில் உராய்வும் கொஞ்சம் தின்றுவிடும். மொத்த வாட்ச்சும் ஓடுவது மைக்ரோவாட் கணக்கில்தான். வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பின் மின்சாரத்தை இப்படிப் பங்கு போட்டால் ஏறக்குறைய 90 லட்சம் வாட்ச்களை ஓட்டலாம்.

இந்தச் சொற்ப விசையில் வினாடி முள் செய்யும் வேலையோ மலைப்பானது. ஜனதாவின் இதயமான பேலன்ஸ் சக்கரம் வினாடிக்கு 5 முறை துடிக்கிறது, நாளுக்கு 4,32,000 துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் வினாடி முள் 1.2 டிகிரி தாவுகிறது. முள்ளின் நீளம் 13 மி.மீ. என்று கொண்டால், அதன் நுனி ஒரு தாவலில் கால் மில்லிமீட்டர் நகர்கிறது. இப்படிக் கால் கால் மில்லிமீட்டராகவே நடந்து, நாளுக்கு 117 மீட்டர், வருஷத்துக்கு ஏறத்தாழ 43 கிலோமீட்டர் போய்விடுகிறது. ஒரு முழு மாரத்தான். அதே வருஷத்தில் மணி முள்ளின் நுனி 40 மீட்டர்கூடத் தாண்டுவதில்லை.

மாரத்தான் ஓடுகிறவருக்குப் பின்சுமை சரியாக இருக்க வேண்டும். வினாடி முள்ளின் பின்பக்கம் ஒரு குட்டி வால் நீண்டிருக்கிறதே, அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. நுனிப்பக்கத்து எடைக்கு எதிர் எடை அது. வால் உடைந்த முள்ளை மாட்டிவிட்டு, வாட்ச்சைச் சுவரில் மாட்டிய கடிகாரம்போல் நிமிர்த்திப் பிடியுங்கள். 12இலிருந்து 6 வரை முள் தன் எடையாலேயே இறங்கும். 6இலிருந்து 12 வரை அந்த எடையைச் சுமந்து ஏற வேண்டும். முள்ளின் மொத்த எடை சில மில்லிகிராம்தான். ஆனால் ஸ்பிரிங் தளரும் கடைசி மணி நேரங்களில் அந்த ஏற்றமே பெரும்பாடு.

சரி, வளைந்த முள்ளை நிமிர்த்துவோம்.

முதல் வேலை கழற்றுவது, சேதாரம் அதிகம் நடப்பதும் இங்கேதான். சாவியைத் திருகி நிமிட முள்ளையும் மணி முள்ளையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவருவார்கள். டயலில் கீறல் விழாமலிருக்க, நடுவில் வெட்டு விட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாளை முள்ளுக்கடியில் நுழைப்பார்கள். பிறகு இரண்டு குட்டி நெம்புகோல்கள், முள்ளின் மையத்துக்கு இருபுறமும் ஒன்று. இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே அளவு அழுத்த வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் குழாய் சாயும், முள் நெளியும். சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஒரு பக்கமாக நெம்பி எடுப்பவர்களும் உண்டு. வளைந்து வரும் முட்களில் பாதிக்குக் காரணம் கீழே விழுந்ததல்ல, முன்னால் ஒருவர் இப்படி ரிப்பேர் செய்ததுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கழன்று வரும் நொடியில் முள் துள்ளிப் பறக்கும். அதனால் மேலே ஒரு பாலிதீன் துண்டைப் போர்த்திக்கொண்டே நெம்புவார்கள். கோட்டை விட்டால், சிமெண்டுத் தரையில் 0.2 மி.மீ. ஓட்டை உள்ள ஒரு முள்ளைத் தேடி மண்டியிட வேண்டியதுதான்.

கழற்றிய முள்ளைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தால், வளைவு இரண்டு வகையில் ஒன்றாக இருக்கும். வில்போல் மெதுவாக வளைந்திருந்தால் நல்ல சகுனம். ஓரிடத்தில் மடிப்பாக விழுந்திருந்தால் கவனம் தேவை. மலிவு வாட்ச்களின் முள் பெரும்பாலும் மெல்லிய பித்தளைத் தகட்டிலிருந்து வெட்டப்பட்டு, மேலே நிக்கல், குரோமியம், தங்கம் என ஏதாவது ஒன்றால் முலாம் பூசப்பட்டது. பித்தளைக்குள் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடுக்குகள் வழுக்கி நகர்வதால்தான் உலோகம் உடையாமல் வளைகிறது. ஆனால் வழுக்கிய இடத்தில் ஒழுங்கு குலைந்து அடுக்குகள் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்ளும், அடுத்த முறை வழுக்க இடம் குறையும். அந்த இடம் முன்னைவிடக் கெட்டியாகிவிடும், கூடவே நொறுங்கும் குணமும் சேரும். இதை வளைப்பிறுக்கம் எனலாம். சில நூறு டிகிரிக்குச் சூடேற்றினால் அடுக்குகள் மறுபடி ஒழுங்காகி உலோகம் இளகும். ஆனால் அந்தச் சூட்டில் முலாமும் ஒளிப்பூச்சும் போய்விடும். ஆகவே மடிப்பை நிமிர்த்தக் கிடைப்பது ஒன்றிரண்டு வாய்ப்புகள் மட்டும்.

அதனால் சுத்தியலுக்கு இங்கே வேலையில்லை. வழவழப்பான எஃகுக் கட்டையின் மேல் முள்ளைக் குப்புறப் போடாமல் நேராகவே வைப்பார்கள். மணி முள்ளின் அடியில் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், அது இறங்க கட்டையில் ஓட்டை வேண்டும். பிறகு மரக்குச்சியோ பிளாஸ்டிக் கம்பியோ கொண்டு, மையத்திலிருந்து நுனியை நோக்கி மெல்ல உருட்டித் தடவுவது. உலோகத்துக்கு மீள்தன்மை உண்டு. தட்டையாகும் வரை அழுத்திவிட்டால், கையை எடுத்ததும் கொஞ்சம் பழைய வளைவுக்கே திரும்பும். எனவே எதிர்ப்பக்கம் ஒரு துளி கூடுதலாக வளைத்து விட வேண்டும். அந்தத் துளி எவ்வளவு என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. தகட்டின் தடிமன், மடிப்பின் வயது, முன்பு எத்தனை முறை நிமிர்த்தப்பட்டது எல்லாவற்றையும் விரல்தான் உணர்ந்து சொல்ல வேண்டும்.

முள் நீல நிறமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. உயர்ந்த ரக வாட்ச்களில் அது பெயிண்ட் அல்ல. எஃகு முள்ளை 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேற்றும்போது மேலே ஆக்சைடு படலம் வளர்கிறது. படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு ஊதா, அப்புறம் நீலம் என்று தெரியும். சாயம் ஒரு துளி இல்லாமலே நிறம். மடிப்பு விழுந்த இடத்தில் படலம் விரிசல்விட்டால் அங்கே எஃகு பல்லிளிக்கும். மலிவு வாட்ச்சின் நீலமோ பெரும்பாலும் பூச்சுதான். இதற்காக வருத்தப்பட வேண்டாம், கீறினால் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

ஓட்டை பெரிதாகித் தளர்ந்த முள்ளுக்கு வைத்தியம் வேறு. மணி முள்ளின் குழாயைச் சுற்றிலும் சமமாக நெருக்கினால் பிடிப்பு திரும்பும். நிமிட முள்ளில் ஓட்டையைச் சுற்றியுள்ள உலோகத்தை உருண்டை முக அச்சால் லேசாக அழுத்தி உள்நோக்கி ஒதுங்க வைப்பார்கள். ஒதுங்க வேண்டியது மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. பசை வைத்து ஒட்டிவிடும் குறுக்குவழியை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். குழாய்களுக்கிடையே உள்ள இடுக்கு திரவத்தைத் தானாக உறிஞ்சி இழுக்கும். அப்படி இறங்கிய பசை மணிக் குழாயையும் நிமிடக் குழாயையும் சேர்த்து ஒட்டிவிட்டால், முள் பழுது மிஷின் பழுதாகிவிடும்.

அதே திரவ குணம் இன்னோரிடத்தில் நமக்கு ஊழியம் செய்கிறது. இருட்டில் ஒளிரும் முள்ளில் நடுவே ஜன்னல்போல் ஒரு வெட்டு இருக்கும். உள்ளிருந்த பூச்சு உதிர்ந்துவிட்டால், புதுக் குழம்பை முள்ளின் பின்பக்கத்தில் ஊசிமுனையால் தொட்டு இழுப்பார்கள். பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தின் மேற்பரப்பு தன்னைத் தானே இழுத்துப் பிடிக்கும் விசை, அந்தக் குழம்பை ஜன்னலின் இரு ஓரங்களுக்கிடையே தோல்போல் கட்டி நிறுத்திவிடும். காய்ந்தால் முன்பக்கம் சமமாக, வழவழப்பாக இருக்கும். இன்றைய குழம்பில் ஒளிர்வது 1990களில் ஜப்பானிலிருந்து வந்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். வெளிச்சத்தைக் குடித்துவிட்டு மெல்லக் கசியவிடும், கதிரியக்கம் கிடையாது. ஆனால் 1960களுக்கு முந்தைய ஒளிர் வாட்ச் கைக்கு வந்தால் சுரண்டக் கூடாது. அந்தக் காலப் பூச்சில் ரேடியம் இருந்திருக்கலாம். இப்போது ஒளிராததால் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒளிர்ந்து களைத்தது கூட இருந்த துத்தநாக சல்ஃபைடு. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும்.

பார்வையற்றோருக்காக ஹெச்.எம்.டி. பிரெய்ல் வாட்ச்சும் செய்தது. கண்ணாடி மூடியைத் திறந்து, முட்களையும் புள்ளிகளையும் விரலால் தடவி நேரம் அறிய வேண்டும். மற்ற வாட்ச்களில் விரல் பட்டாலே ஆகாத ஓர் உறுப்பு, இதில் தினமும் பல முறை தொடப்படுகிறது. தொடும்போது முள் நகரவும் கூடாது, வளையவும் கூடாது. முள் செய்கிறவருக்கு இதைவிடக் கடினமான தேர்வு இருக்குமா என்று தெரியவில்லை.

நிமிர்த்திய முட்களை மறுபடி மாட்டும்போது வரிசை தலைகீழ். 12 மணிக்கு நேராக முதலில் மணி முள், மேலே நிமிட முள். சாவியைத் திருகி 6 மணிக்கு இரண்டும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா, 3க்கும் 9க்கும் செங்கோணம் வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு வாட்ச்சைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு, 12 மணி நேரத்தையும் ஓட்டி 11 சந்திப்பையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பது. இரண்டு முள்ளுக்கும் நடுவே வெளிச்சக் கீற்று எங்கேயும் அறுபடக் கூடாது.

கடைசியில் வினாடி முள். அதை மேலிருந்து அழுத்தும்போது அந்த அழுத்தம் மெல்லிய அச்சின் வழியே இறங்கி, மறுமுனையைத் தாங்கும் சிவப்புக் கல்லில் போய் முட்டும். பல மிஷின்களில் அந்தக் கல் இடம் பெயரும் அல்லது உடையும். ஆகவே அனுபவசாலி வாட்ச்சைத் தாங்கியில் வைக்கும்போதே, பின்பக்கம் அந்தக் கல்லுக்கு நேர் கீழே ஒரு முட்டு கொடுத்துக்கொண்டுதான் அழுத்துவார். முன்னால் மாட்டும் முள்ளுக்குப் பின்னால் முட்டு!

இவ்வளவும் செய்து, முள் நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கிறது. மறுநாள் வாட்ச் 2.11க்கு மறுபடி நிற்கிறது, அதுவும் குப்புற வைத்தால் மட்டும். இப்போது சந்தேகம் முள்ளை விட்டு டயலுக்கு அடியில் போக வேண்டும். மணிச் சக்கரம் மேலும் கீழும் ஆடாமலிருக்க, பல வாட்ச்களில் டயலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே காகிதத்தைவிட மெல்லிய பித்தளை வாஷர் ஒன்று லேசாக நெளிந்து உட்கார்ந்திருக்கும். எப்போதோ டயலைக் கழற்றியவர், அது டயலின் முதுகில் ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் தட்டிவிட்டிருப்பார். அது இல்லாமல் போனால், வாட்ச்சைக் கவிழ்க்கும்போதெல்லாம் மணிச் சக்கரம் சரிந்து, மணி முள் நிமிட முள்ளை முட்டும். ஒரு புது வாஷர் போட்டு, டயலை மூடி, முட்களை மறுபடி முதலிலிருந்து மாட்ட வேண்டும்.